சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே இருக்கும் இத்தனை சிறிய லிக்டன்ஸ்டைன் எப்படித் தனி நாடானது?

நிலம் வாங்கித்தான். லிக்டன்ஸ்டைன் குடும்பத்துக்கு மொராவியாவிலும் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) ஆஸ்திரியாவிலும் ஏராளமான சொத்து இருந்தது. ஆனால் அன்று ஜெர்மன் பகுதிகளை உள்ளடக்கியிருந்த புனித ரோமப் பேரரசின் அவையில் இடம்பெற, பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் தேவை. அதற்காகவே 1699-இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712-இல் வடுஸையும் வாங்கினார்கள். 1719-இல் இரண்டும் இணைந்து, குடும்பத்தின் பெயரிலேயே தனிச் சிற்றரசாயின. ஆளும் இளவரசர் ஒருவர் அங்கே முதன்முதலில் கால்வைத்ததோ 1842-இல்தான்!

பரப்பு 160 சதுர கி.மீ., மக்கள் சுமார் 40,000. 1868-இல் படையைக் கலைத்தார்கள். அதுவரை சார்ந்திருந்த ஆஸ்திரியா முதல் உலகப் போரில் சரிந்ததும் சுவிட்சர்லாந்தின் பக்கம் திரும்பினார்கள். 1924 முதல் சுங்க எல்லையும் சுவிஸ் பிராங்கும் பொது. வங்கிகளால் மட்டுமே வாழும் நாடு என்பது தவறு. ஷான் ஊரில் ஹில்ட்டியின் துளைக்கருவி நிறுவனமும், செயற்கைப் பற்களுக்குப் பெயர்பெற்ற இவோக்ளாரும் இருக்கின்றன. வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் தினமும் எல்லை தாண்டி வருபவர்கள். விமான நிலையம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலிருந்து எல்லைக்கு அருகிலுள்ள சார்கன்ஸ் ஊர் வரை ரயில், பிறகு பேருந்து.