குரலை உயர்த்தாமல் வகுப்பை நடத்த முடியுமா?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு பாடவேளையிலும் தொடக்க நேரம் முழுவதும் மாணவர்களை அமைதிப்படுத்துவதிலேயே கழிந்துவிடுகிறது. அதட்டினால் அடங்குகிறார்கள், கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் மீண்டும் சலசலப்பு. ‘ஆரம்பத்தில் சிரித்து முகம் கொடுத்தால் தலைமேல் ஏறிவிடுவார்கள்’ என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். வேறு வழியே இல்லையா?
– ஓர் ஆசிரியை

பதில்: வழி உண்டு. ஆனால் குறும்பு செய்த மாணவரை எப்படிக் கண்டிப்பது என்ற இடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கட்டுப்பாடாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்களும் கூச்சல் மிகுந்த வகுப்புகளின் ஆசிரியர்களும் கண்டித்த முறைகளை ஒப்பிட்டபோது, வெற்றிக்கும் தோல்விக்கும் அவை காரணமாக அவருக்குத் தெரியவில்லை. குழப்பம் எழுவதற்கு முன்பே ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

வகுப்பில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கிறது என்பதை மாணவர்களும் உணர வேண்டும். பேச்சைத் தொடங்கியவனை விட்டுவிட்டு, பதில் சொன்னவனை எழுப்பி நிறுத்தினாலோ, இருவரின் பேச்சு வரிசை முழுவதும் பரவிய பிறகு கண்டித்தாலோ, ஆசிரியர் கவனிக்கவில்லை என்பதையே வகுப்பு புரிந்துகொள்கிறது. ஆகவே, நீண்ட கணக்குகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அப்போதே எழுதவேண்டியவற்றைப் பக்கவாட்டில் நின்று, சிறு சிறு பகுதிகளாக, இடையிடையே வகுப்பைப் பார்த்தபடி எழுதுங்கள்.

இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும் நேரம். “நோட்டை எடுங்கள்” என்கிறோம். பாதிப் பேர் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே கணக்கைச் சொல்லத் தொடங்குகிறோம், நடுவில் நினைவு வந்து, “நேற்றைய வீட்டுப்பாடத்தை யார் முடிக்கவில்லை?” என்று கேட்கிறோம்; பிறகு மறுபடியும் கணக்குக்குத் திரும்புகிறோம். இப்போது எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாத பிள்ளை பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கத்தான் செய்யும், அதை ஒழுங்கீனம் என்று எழுதிவைப்பது நியாயமாகாது. ஒரு கட்டளை, அது நிறைவேறும்வரை காத்திருத்தல், பிறகுதான் அடுத்தது என்ற வரிசையை விடாமல் பின்பற்றுங்கள். நீங்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் முந்தைய பாடத்திலிருந்து இரண்டு எளிய கணக்குகளைப் பலகையில் எழுதிவிட்டு, அவர்கள் அவற்றைப் போடும் நேரத்தில் வருகையைப் பதிவு செய்தால், அதட்டலில் போகும் அந்தத் தொடக்க நேரம் படிப்புக்குக் கிடைக்கும். இது நாள்தோறும் தவறாமல் நடக்க வேண்டும். பழக்கமாவதற்குள் கைவிட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நேர்கிறது.

சிரிக்கக் கூடாது என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. விதிகளில் உறுதியும் பிள்ளைகளிடம் கனிவும் ஒருங்கே இருக்க முடியும். திருத்த வேண்டியதைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் அவமானப்பட்ட மாணவன் பாடத்தைக் கவனிக்கும் நிலையில் இருக்க மாட்டான். ஒருவர் செய்த பிழைக்கு முழு வகுப்பையும் தண்டிப்பதையும், கூடுதல் வீட்டுப்பாடத்தைத் தண்டனையாகத் தருவதையும் அறவே தவிருங்கள்.

கேள்வி: நான் எதைக் கேட்டாலும் முன்வரிசையில் உள்ள சிலரே பதில் சொல்கிறார்கள்; மற்றவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– அறிவியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதாகவும், அதை 3 நொடிகளுக்கு மேல் நீட்டித்தபோது பதில்கள் நீண்டு, பதில் சொல்ல முன்வருவோரும் பெருகியதாகவும் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970களில் கண்டறிந்தார். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால், மற்றவர்கள் அந்த நொடியே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். எனவே கேள்வியை முதலில் சொல்லி, எல்லோரும் யோசிக்க இடம் விட்டு, அதன் பிறகு ஒருவரை அழையுங்கள். அவர் பதில் சொல்லி முடித்த பிறகும் உடனே ‘சரி’ என்று சொல்லாமல் சற்றுப் பொறுத்திருந்தால், பின்வரிசையிலிருந்தும் கைகள் உயரக்கூடும்.