மகன் கையில் ஒரு தாள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 68. சர்க்கரை, பிரஷர் உண்டு. மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. போன மாதம் என் நண்பர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து, எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. பேச்சை எடுத்தாலே மகன், "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்" என்று எழுந்து போய்விடுகிறான். மனைவி, "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு, வாயைக் கழுவுங்க" என்கிறாள். 90 வயது அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவர் இருக்கும்போது நான் இப்படி யோசிப்பதே தவறோ என்றும் தோன்றுகிறது. நான் கட்டிய ஒரு வீடு, கொஞ்சம் சேமிப்பு, அவ்வளவுதான். எங்கே ஆரம்பிப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள ஐயா,

தவறே இல்லை. உங்கள் அம்மா இருப்பதாலேயே இதைச் சீக்கிரம் செய்ய வேண்டியிருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே உயில், நாமினி, பாஸ்புக் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் உங்கள் மகன் ஐசியூ வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பிழைக்க வழியில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும், "வென்டிலேட்டர் போடலாமா, என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறார். "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர்" என்றுதான் மகன் சொல்வான். அப்பாவுக்கு இது வேண்டுமா என்று யோசிக்க அவனுக்கு இடமில்லை. பின்னால் சித்தப்பாவும் மாமாவும் நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், "காசைப் பார்த்து அப்பனை விட்டுட்டான்" என்ற பேச்சை அவன் காலத்துக்கும் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் போடச் சொன்னார். தங்கை, அப்பா இதை விரும்ப மாட்டார் என்றார். அப்பா போய்ப் பல வருஷமாகியும் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேருமே அப்பா மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான்.

"இது அப்பா சொன்னது" என்று எடுத்துக் காட்ட மகன் கையில் ஒரு தாள் வேண்டும். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொல்லி, 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 'லிவிங் வில்' என்பதை, அதாவது கடைசி நேரத்தில் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாளை, ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை கேட்டார்கள். 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் ஆபீசரிடமோ அத்தாட்சி வாங்கினால் போதும். உங்களால் பேச முடியாமல் போனால் உங்கள் சார்பில் யார் பேசுவது என்றும் அதில் எழுத வேண்டும். மகன், மகள் என்று ஒருவருக்கு மேலும் எழுதலாம்.

பயப்பட ஒன்றுமில்லை. குணமாகக்கூடிய நோய்க்கு இந்தத் தாளைக் காட்டி யாரும் வைத்தியத்தை நிறுத்த முடியாது. மீள வழியில்லாத நிலையில், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் இது செல்லும். வலிக்கு மருந்து கடைசி வரை உண்டு. ஊசி போட்டு உயிரை முடிப்பது இதில் வராது. அது இன்றைக்கும் குற்றம்தான்.

அடுத்தது காரியம். பிள்ளைகளுக்கு எழுதுகிற யாரும் இதை எழுதுவதில்லை. ஆனால் உங்கள் மனைவிக்கு இதைவிடப் பெரியது வேறில்லை. எங்கள் உறவில் ஒருவர் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதி, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அவர் போன பிறகு, பதினாறாம் நாளுக்கு முந்தின இரவு, அவர் மனைவிக்குப் பூவும் வளையலும் பூட்டி, விடிந்ததும் எல்லாவற்றையும் எடுக்கப் பெண்கள் தயாராக இருந்தார்கள். இளைய மகன் அந்தத் தாளை எடுத்து வந்து உரக்கப் படித்தான். "அவள் பொட்டும் பூவும் நான் கொடுத்ததில்லை. பாவாடை கட்டின வயதிலிருந்து வைத்துக்கொள்கிறாள். யாரும் எடுக்கக் கூடாது. வளையலை உடைக்கக் கூடாது. பேத்தி கல்யாணத்தில் அவள் முன்னால் நிற்க வேண்டும்." மூத்த நாத்தனார் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். அப்புறம், "அவனே எழுதி வச்சிருக்கான், நாம என்ன பண்ண" என்று உட்கார்ந்துவிட்டார். மகன் தன் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அது எடுபட்டிருக்காது. அந்த அம்மாளும் தனக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். உங்கள் தாளில் இது கட்டாயம் இருக்கட்டும் ஐயா.

சரி, சொத்து. உயில் எழுதாமல் நீங்கள் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு மனைவிக்கு மட்டும் போகாது. அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. அம்மா காலத்துக்குப் பின் அவர் பங்கில் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் உரிமை வந்துவிடும். உங்கள் மனைவி தன் வீட்டில் நிம்மதியாக இருக்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டியிருக்கும் என்று பாருங்கள். அதனால் உயில் எழுதுங்கள். அம்மாவை யார், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்தில் பங்கு வராதவர்களாக, உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர்தான், அது அவருக்கே சொந்தமாகிவிடாது. உயிலில் ஒரு பெயரும் நாமினியில் ஒரு பெயரும் இருந்தால் சண்டைக்கு அதுவே போதும். மற்றபடி பென்ஷன் உத்தரவில் உள்ள பிபிஓ எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, போன் பூட்டைத் திறக்கும் எண் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும்.

கண்தானம் செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நீங்கள் முன்பே பதிந்திருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள்தான் போன் செய்து சம்மதிக்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். மகனிடம் வேண்டாம், அவன் பயத்தில்தான் எழுந்து போகிறான். உங்கள் மனைவியிடம் ஆரம்பியுங்கள், காலையில் காபி குடிக்கும்போது. பொட்டைப் பற்றி எழுதியதை முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் மாற்றச் சொல்வதை மாற்றுங்கள். அவருக்கு வென்டிலேட்டர் வேண்டுமா, அவர் நகை யாருக்கு என்பதையும் கேட்டு, அவர் பெயரில் தனியாக ஒன்று எழுதுங்கள். இரண்டும் தயாரான பிறகு மகனையும் மகளையும் கூப்பிட்டு, சாட்சிக்கு ஆள் பிடிக்கச் சொல்லுங்கள்.