வீட்டுத் தொழிலுக்கு வெப்சைட்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பலகாரம், வத்தல், ஆரி வேலை, கேக் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுடையவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். என்ன தொழில் என்றே சொல்லாமல் எழுதுகிறவர்களுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

வெப்சைட் செய்ய எவ்வளவு ஆகும்? (கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்)

என்ன விற்கிறீர்கள், எத்தனை பொருள், பணத்தை சைட்டிலேயே வாங்க வேண்டுமா, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தால் போதுமா, ஒன்றையும் எழுதவில்லை. டிசைனரிடமும் இப்படிக் கேட்டால் அவர் வாய்க்கு வந்த தொகையைத்தான் சொல்வார். தோராயமாக, டொமைனுக்கு (சைட்டின் பெயர், முகவரி) வருடம் 1,000 ரூபாய், ஹோஸ்டிங்குக்கு (சைட்டை வைக்கும் வாடகை இடம்) 2,000 முதல் 4,000. நீங்களே செய்துகொண்டால் செலவு அவ்வளவுதான். "முதல் வருடம் 99 ரூபாய்" விளம்பரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். இரண்டாம் வருட ரினியூவல் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டொமைனை உங்கள் பெயரில் வாங்குங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப் போகிறேன்.

செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கிறது. தனியாக வெப்சைட் தேவையா? – வாசகி, காரைக்குடி

ஆர்டர் எல்லாம் உள்ளூரிலேயே முடிகிறது என்றால் இப்போதைக்கு வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஒன்று போதும். இலவசம், மேப்பிலும் வரும். சென்னை, பெங்களூரு என்று வெளியூரிலிருந்து விசாரிக்கிறார்கள் என்றால் சொந்த சைட் வேண்டும். அடுத்தவர் இடத்தில் கட்டியது என்றைக்கும் அடுத்தவர் முடிவுக்குக் கட்டுப்பட்டது. பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் இலவசமாகவே ஒரு சிறு வெப்சைட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் விசிட்டிங் கார்டிலும் டப்பா லேபிளிலும் அச்சடித்த முகவரியெல்லாம் வீணானது.

உங்களுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். மணகோலம் கால் கிலோ என்ன விலை, அரை கிலோ என்ன விலை. சீப்புச் சீடை எத்தனை நாள் கெடாமல் இருக்கும். தீபாவளி ஆர்டரை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும். கூரியர் செலவு யாருடையது. கீழே தொட்டவுடன் வாட்ஸ்அப் திறக்கும் ஒரு பட்டன். வாடிக்கையாளர் போனில் திரும்பத் திரும்பக் கேட்கிற ஐந்து கேள்விகளை எழுதிப் பாருங்கள், பக்கம் அதிலேயே தயாராகிவிடும். "எங்களைப் பற்றி" என்று நாலு பத்தி எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேர்ட்பிரஸ் இலவசம் என்றார்கள். ஆரம்பித்தால் பணம் கேட்கிறது.

வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸ்ஸில் இரண்டு இருக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைக்கும் மென்பொருள் இலவசம். அதைப் போட ஹோஸ்டிங் நீங்கள் வாங்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே ஹோஸ்டிங்கும் சேர்த்துத் தரும் சேவை. சொந்த டொமைன் சேர்க்கப் பணம் கட்ட வேண்டும். இரண்டும் நல்லதுதான். முதலாவதை எடுத்தால் அப்டேட்டும் பேக்கப்பும் உங்கள் பொறுப்பு. மாதம் ஒரு தடவை பேக்கப்பை இறக்கி கூகுள் டிரைவில் வையுங்கள். ஹோஸ்டிங் கம்பெனி எடுத்து வைத்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு டிசைனர் சைட் செய்து கொடுத்தார். வருடாவருடம் பணம் வாங்கிக்கொள்வார். இப்போது போனை எடுப்பதில்லை, சைட்டும் திறக்கவில்லை. பெயரை மீட்க முடியுமா? – ஆரி வேலை செய்பவர், ஈரோடு

மாதம் தவறாமல் வரும் கேள்வி. ஒவ்வொரு முறையும் வேதனையாக இருக்கிறது. ஆரம்பத்தில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது.

முதலில் நின்றது எது என்று பாருங்கள். டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு. டொமைன் பெயர்களை உலக அளவில் மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்அப் பக்கத்தில் சைட் பெயரை அடித்தால் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (டொமைன் விற்கும் கம்பெனி) பதிவாகியிருக்கிறது, எப்போது முடிகிறது, இப்போது என்ன நிலை என்று வரும். சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் மறைத்திருக்கும். ஸ்டேட்டஸ் வரியைக் கவனியுங்கள். "ஆட்டோ ரினியூ பீரியட்" (தேதி தாண்டியதும் தானாக நீட்டிய நிலை) என்று இருந்தால் முடிவுத் தேதி ஒரு வருடம் தள்ளிக் காட்டக்கூடும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. "ரிடெம்ப்ஷன் பீரியட்" (ரத்தானதை மீட்கும் காலம்) என்றால் ஏறக்குறைய ஒரு மாதம்தான் பாக்கி, மீட்கும் கட்டணமும் அதிகம். "பெண்டிங் டிலீட்" என்றால் ஐந்தாறு நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இந்த மூன்றும் இல்லை, முடிவுத் தேதியும் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் ஹோஸ்டிங்தான் நின்றிருக்கும்.

பிறகு அந்த ரிஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். நீங்கள் பணம் அனுப்பிய ரசீது, ஜிபே விவரம், டிசைனரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். உதவி கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் கணக்கு யார் பெயரில் திறக்கப்பட்டதோ அவரைத்தான் அவர்கள் சொந்தக்காரராகப் பார்ப்பார்கள். பணம் கொடுத்தது நீங்கள் என்பது அவர்கள் பதிவில் எங்கும் இல்லை. நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பட்டாவைத் தரகர் பெயரில் விட்டதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

டிசைனரிடமும் சண்டையாகப் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்: "டொமைனை என் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள், அல்லது ஆத் கோட் அனுப்புங்கள், பாக்கி இருந்தால் தந்துவிடுகிறேன்." ஆத் கோட் என்பது டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றக் கேட்கும் ரகசியக் குறியீடு. பலர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. வேலையை விட்டிருப்பார், ஊர் மாறியிருப்பார், நாற்பது வாடிக்கையாளரின் டொமைனும் அவருடைய ஒரே கணக்கில் கிடக்கும். ஆனால் வேண்டுமென்றே தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, விலக நினைக்கும்போது 20,000 கொடு, 30,000 கொடு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு நடுவில் ராத்திரி உட்கார்ந்து ஊசி பிடித்துச் சம்பாதிக்கிற பெண்களிடம் இதைச் செய்வது அநியாயம். தொழில் தெரிந்த யாரும் இதை வழக்கம் என்று சொல்லி நியாயப்படுத்தக் கூடாது.

இனிமேல் எழுதப் போகும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். டொமைன் கணக்கை உங்கள் ஜிமெயிலில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டில் நீங்களே திறங்கள். அந்த ஜிமெயிலுக்குப் பதிலாக அதே டொமைனில் உள்ள இமெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் இமெயிலும் நிற்கும், கணக்கை மீட்க வரும் கடிதம் உங்களுக்கு வந்தே சேராது. டிசைனருக்கு வேர்ட்பிரஸ்ஸில் தனி லாகின் உண்டாக்கிக் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். டொமைன் கணக்கின் பாஸ்வேர்டை அவருக்குத் தர வேண்டிய அவசியமே இல்லை.

எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு வருடம் 3,000 ரூபாய் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் விவரத்தைப் பூட்டி அனுப்ப உதவும் இந்தச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. நல்ல ஹோஸ்டிங் என்றால் ஒரு கிளிக்கில் போட்டு, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாத ஹோஸ்டிங்கை மாற்றிவிடுங்கள்.

விலைப்பட்டியலை பாமினியில் டைப் செய்து வைத்திருக்கிறேன். சைட்டில் போட்டால் குப்பையாக வருகிறது. படமாக எடுத்துப் போட்டுவிடலாமா? – வாசகர், மதுரை

வேண்டாம். படத்தில் இருக்கிற விலைப்பட்டியலைப் போனில் விரித்து விரித்துப் படிக்க வேண்டும், தேடலில் வருவதும் கஷ்டம், ஒரு விலை மாறினால் படம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். பாமினி பழைய எழுத்துரு, அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் தமிழாகத் தெரியாது. அதை எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படித்துப் பாருங்கள். நடுவில் வரும் ஆங்கில எழுத்தும் எண் குறிகளும் குழம்பியிருக்கும். 250 ரூபாய் 25 ஆகிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

அண்ணன் மகன் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவனையே செய்யச் சொல்லலாமா?

தாராளமாக. டொமைன் உங்கள் பெயரில்.

பேமென்ட் கேட்வே கட்டாயமா?

இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு ஆர்டர் என்றால் யுபிஐ போதும். கேட்வே, அதாவது சைட்டிலேயே பணம் வாங்கித் தரும் சேவை வைத்தால் கார்டுப் பணத்தில் சுமார் 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் போகும். ரீஃபண்ட் விவரம், தொடர்பு விவரம் எல்லாம் சைட்டில் இருந்தால்தான் அனுமதி தருவார்கள். யுபிஐ என்றால் ஒரு எச்சரிக்கை: ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் அனுப்பாதீர்கள். பேங்க் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டியை ஒட்டுங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது ரொம்பச் சுலபம்.

மோர் மிளகாய், வடகம் விற்கிறேன். சைட்டில் சட்டப்படி என்ன போட வேண்டும்? – வாசகி, கும்பகோணம்

நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. வீட்டு அடுப்பில் செய்தாலும் விற்பனைக்கு என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணை லேபிளிலும் சைட்டிலும் போடுங்கள். நிகர எடை, விலை, என்னென்ன சேர்த்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவர் பெயர், முகவரி, புகார் சொல்ல எண், பணம் திருப்பித் தரும் முறை எல்லாம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு, வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான். ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பு உதவாது, பதிவு வேண்டும். "இந்தியா முழுவதும் டெலிவரி" என்று பெரிய எழுத்தில் போடுவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சைட் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது.

லிங்க்கை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். போனில் எடுத்த கேக் படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 4 எம்பி, முப்பது படம். ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து, ஒரு படம் 200 கேபிக்குள் வரும்படி செய்யுங்கள். ஹோஸ்டிங் மாற்ற வேண்டியதில்லை.

"உங்கள் டொமைன் 24 மணி நேரத்தில் முடிகிறது, உடனே பணம் கட்டவும்" என்று மெயில் வந்திருக்கிறது. கட்டட்டுமா?

அந்த மெயிலில் இருக்கும் லிங்க்கைத் தொடாதீர்கள். உங்கள் ரிஜிஸ்ட்ரார் பக்கத்தை நீங்களே டைப் செய்து உள்ளே போய்த் தேதியைப் பாருங்கள். உள்ளே போகத் தெரியவில்லை, கணக்கு யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் மேலே ஈரோட்டுக்காரருக்கு எழுதியதை இன்றைக்கே படியுங்கள்.

டாட் காமா, டாட் இன்னா?

உங்கள் பெயரில் எது கிடைக்கிறதோ அது. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வாங்கிவிடுங்கள். நடுவில் கோடு, எண் வேண்டாம். போனில் சொன்னால் ஒரே தடவையில் எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும்.