கறுப்புப் பொடியில் ஒதுக்கப்படும் கிராஃபைட்

கேள்வி: பழைய கைபேசி பேட்டரிகளிலிருந்து கோபால்ட், லித்தியம் போன்றவற்றைப் பிரித்தெடுப்பதாகப் படிக்கிறோம். அவற்றிலுள்ள கிராஃபைட் என்னவாகிறது? அதிலிருந்து கிராஃபீன் தயாரிக்கலாம் என்பது உண்மையா? கல்லூரி ஆய்வகத்தில் நாங்களே செய்து பார்க்கலாமா?
- வேதியியல் மாணவி ஒருவர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் வீணாகிறது என்பதே முதல் கேள்விக்கான விடை. மெல்லிய செப்புத் தாளின்மீது கிராஃபைட் பொடியைப் பசையுடன் பூசியதுதான் லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின் முனை. பேட்டரிகளை அரைத்துச் சலித்த பின் கிடைக்கும் கறுப்புப் பொடியை மறுசுழற்சித் தொழிலில் 'பிளாக் மாஸ்' என்பார்கள். அதில் கணிசமான பங்கு கிராஃபைட்டே. உலையில் உருக்கும் முறையில் அது எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. அமிலத்தில் கரைக்கும் முறையிலோ, உலோகங்கள் கரைசலுக்குள் சென்றபின் அது வடிகட்டியில் கசடாகத் தங்குகிறது. கோபால்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் கிராஃபைட் மலிவு என்பதால், அந்தக் கசடைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

கிராஃபீன் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்த, ஓரணுத் தடிமனுள்ள ஒற்றைக் கார்பன் அடுக்கே கிராஃபீன். பேட்டரியை மின்னேற்றும்போதெல்லாம், ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவு வரை லித்தியம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே நுழைவதால், அடுக்கிடைவெளி ஏறத்தாழ 10 விழுக்காடு விரிந்து, லித்தியம் வெளியேறும்போது மீண்டும் சுருங்குகிறது. இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்வதால் அடுக்குகளின் பிடி தளர்கிறது. பேட்டரிக்குக் குறையாகும் இந்தத் தளர்ச்சி, அடுக்குகளை உரித்தெடுப்பவருக்கு வசதியாகிவிடுகிறது. 1958-இல் ஹம்மர்ஸும் ஆஃப்மேனும் வெளியிட்ட முறைப்படி, அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்டு ஆக்சிஜனேற்றினால் கிராஃபீன் ஆக்சைடு கிடைக்கும். அதை ஒடுக்கினால், அதாவது அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கினால், கிராஃபீனை ஒத்த பொருள் உருவாகும். மீமின்தேக்கிகளிலும் (சூப்பர் கெபாசிட்டர்), கழிவுநீரிலிருந்து சாயத்தை ஈர்த்தெடுக்கவும் அது பயன்படும்.

ஆயினும், ஒரு கழிவைத் தீர்க்க இந்த முறை ஏராளமான அமிலக் கழிவுநீரை உண்டாக்குகிறது என்பதை ஆய்வுக் கட்டுரைகள் சற்று அடக்கியே வாசிக்கின்றன. கிராஃபைட்டிலிருந்து செம்பு, அலுமினியம், ஃபுளூரின் மிகுந்த பசை ஆகியவற்றை நீக்கி, சூடேற்றிச் சீராக்கி, மறுபடியும் பேட்டரிக்கே தருவதுதான் என் பார்வையில் மேலான வழி. ஏனெனில், புதிதாகச் செயற்கை கிராஃபைட்டை ஏறக்குறைய 3000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருவாக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, 2023 டிசம்பர் முதல் சீனா கிராஃபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது.

ஆய்வகத்தைப் பொறுத்தவரை, லித்தியம் பேட்டரியைப் பிரிக்கவே வேண்டாம். எஞ்சிய மின்னூட்டத்தால் தீப்பற்றலாம். அதன் மின்பகுளி உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளூரைடை வெளியிடும். அதற்குப் பதிலாக, மின்தீர்ந்த சாதாரண துத்தநாக–கார்பன் டார்ச் பேட்டரியின் நடுவிலுள்ள கரிக்குச்சியை, ஆசிரியரின் மேற்பார்வையில் எடுத்துக் கழுவி, அம்மோனியம் சல்பேட் கரைசலில் நேர்மின்வாயாக வைத்து நேர்த்திசை மின்னோட்டம் (DC) செலுத்திப் பாருங்கள். துகள்கள் உதிர்ந்து கரைசல் கறுத்ததும் கிராஃபீன் கிடைத்துவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அவற்றுள் பெரும்பகுதி பல அடுக்குத் துகள்களாகவே இருக்கும். எத்தனை அடுக்குகள் என்பதை ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு பொருளை ஆராயும் முறை) பார்த்த பிறகு எழுதுங்கள்.