வாசகர் கேள்வி: படிக்காமல் போட்ட ஜாமீன் கையெழுத்து

கேள்வி: மீன் ஏற்றும் மினி லாரி வாங்க என் அண்ணன் மகன் ஒரு வங்கியில் 6 லட்சம் ரூபாய் கடன் எடுத்தபோது, ‘சாட்சிக் கையெழுத்துத்தான் அத்தை’ என்று சொல்லி என்னை அழைத்துப் போனான். தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் தமிழில் கையெழுத்திட்டேன். இப்போது அவன் தவணை கட்டவில்லை என்று எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. படிக்காமல் போட்ட கையெழுத்து செல்லுமா?
- பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: செல்லும் என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பாருங்கள். ஆங்கிலத் தாளில் தமிழில் கையெழுத்திடுபவரிடம், ‘இதிலுள்ள விவரங்கள் எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டன, புரிந்துகொண்டேன்’ என்ற உறுதிமொழியையும் வங்கிகள் வாங்கிக்கொள்வது வழக்கம். பென்சில் குறி இருந்த இடங்களில் ஒன்று அதுவாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால், படிக்கவில்லை என்று இன்று சொல்லும் நீங்களே, படித்துக் காட்டினார்கள் என்று அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவனிடம் வசூலித்துவிட்டுப் பிறகு என்னிடம் வரட்டும் என்று தடுக்க முடியாது என்பதை 1968இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

சாட்சிக் கையெழுத்து என்று உங்கள் அண்ணன் மகன் சொன்னது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை வங்கி அலுவலரே சொல்லியிருந்தாலோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு சொல்லப்பட்டிருந்தாலோதான் 142ஆம் பிரிவு ஜாமீனைச் செல்லாததாக்கும். ஆகவே அன்று அந்த மேசையில் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை நினைவுள்ளபடி இன்றே எழுதி வையுங்கள்.

கையெழுத்திட்ட எல்லா ஆவணங்களின் நகலையும் வங்கியில் எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னர் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்கிறது 133ஆம் பிரிவு. அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் வாசகம் அதே தாளில் இருக்கவும் கூடும் என்பதால், நகலை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கிடையே, சமரசம் பேசலாம் என்று எவரேனும் புதிய தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்திடாதீர்கள். காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, கெடு முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு இடும் கையெழுத்து, வழக்குத் தொடரும் கெடுவை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கி வைக்கும்.

பணம் கட்ட நேர்ந்தால், அதை அண்ணன் மகனிடம் திரும்பக் கேட்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவில் இருக்கிறது. குடும்பத்துக்குள் அதைக் கேட்க மனம் வருமா என்பது வேறு விஷயம்; ரசீது மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

நோட்டீஸில் குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. நோட்டீஸையும் அது வந்த உறையையும் எடுத்துக்கொண்டு கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். போகுமுன் 15100 என்ற எண்ணில் பேசியும் விவரம் கேட்கலாம்.