கேள்வி பதில்: குளத்தைச் சுத்தம் செய்தோம், குப்பை திரும்ப வந்துவிட்டது

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் இருபது பேர் சேர்ந்து ஒரு குழுவாக ஓராண்டாக ஞாயிறுதோறும் ஊர்க் குளத்தைத் துப்புரவு செய்து வருகிறோம். புதன்கிழமைக்குள் பழையபடி குப்பை சேர்ந்துவிடுகிறது. இருபது பேர் இப்போது ஆறு பேராகிவிட்டோம். குழுவைப் பதிவு செய்தால் நிலைமை மாறுமா?

பதில்: ஓராண்டுக்குப் பிறகும் ஆறு பேர் வருகிறார்கள் என்றால் அந்தக் குழு சாகவில்லை. ஆனால் நீங்கள் இதுவரை அள்ளியது குளத்துக்கு வந்து சேர்ந்த குப்பையை. அது வரும் வழியை இன்னும் தொடவில்லை. அடுத்த ஞாயிறு மண்வெட்டியை வைத்துவிட்டு, வரத்து வாய்க்காலை அதன் தலைப்பு வரை நடந்து பாருங்கள். எந்தக் கறிக்கடைக்குப் பின்னால் மூட்டை விழுகிறது, எந்தத் தெருவின் சாக்கடை திருப்பிவிடப்பட்டிருக்கிறது, எந்தச் சிறு பாலத்தின் குழாயில் பாலித்தீன் பைகள் அடைத்து நீர் எதிர்த்து நிற்கிறது என்பதைத் தேதியிட்ட படங்களாக எடுங்கள். அந்தப் படங்களையும், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்த புல எண்ணையும் இணைத்துச் செயல் அலுவலருக்கு இரண்டு படிகளில் மனு கொடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், மனுவின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

குளம் யாருடையது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேரோ அதற்கு மேலோ ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. சிறியவை உள்ளாட்சியின் பொறுப்பு. அனுமதியில்லாமல் மண்ணை அள்ளினாலோ மரத்தை வெட்டினாலோ நல்ல எண்ணம் உங்களைக் காப்பாற்றாது.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியை எண்ணிப் பாருங்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கல்லணைக் கால்வாயின் கடைமடை என்பதால் அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு முன்பே இருந்தது. மறு ஆண்டு இளைஞர்களும் விவசாயிகளும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கமாக, சுருக்கமாகக் கைஃபா என்ற பெயரில், கூடி, ஐந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பெரியகுளத்தைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தினார்கள். ஏரி நிறைந்தால் வயல் விளையும் என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. உங்கள் ஊரில் அந்தக் குளத்தை நம்பி இருப்பவர்கள் யார்? கிணற்றில் நீர் வற்றிய தெருக்காரர்களா, ஆடுமாடு வைத்திருப்பவர்களா? அவர்கள் இல்லாத குழுவில் ஞாயிறு உழைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

பதிவு அவசியம்தான், ஆனால் அது இரண்டாவது வேலை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். நீங்கள் ஆறு பேர், ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால்தான் நன்கொடை கேட்க முகம் இருக்கும். பணியின் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் ஏற்பது என்ற பொது விதியுடைய, அரசின் நமக்கு நாமே திட்டத்தில் உங்கள் பணிக்கு எவ்வளவு பங்கு என்பதையும் பேரூராட்சியில் கேட்டு வையுங்கள்.

கேள்வி: பணம் வசூலிக்கத் தொடங்கியதும் சந்தேகப் பேச்சு எழுந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: ஒரு சிற்றூரில் இதற்கு எளிய ஏற்பாட்டைக் கண்டேன். தேநீர்க் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. ‘பொக்லைன் 6 மணி நேரம், டீசல், ஓட்டுநர் பேட்டா, கையிருப்பு’ என்று சாக்பீஸால் எழுதி, ரசீதுகளை ஓர் ஆணியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். டீ குடிக்க வந்த முதியவர் ஒருவர் விரலை வைத்து வரிவரியாகக் கூட்டிப் பார்த்து, ஒரு கூட்டல் பிழையைச் சொன்னார். பொருளாளர் அங்கேயே அழித்துத் திருத்தினார். முதியவர் மடியிலிருந்து நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதையும் எழுதும்வரை நின்றார்.