இரட்டை ஆட்சி என்றால் என்ன? சென்னை மாகாணத்தில் அது எப்படி நடந்தது?

ஒரே மாகாண அரசின் துறைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் தேர்தலில் வென்றவர்களிடம் கொடுப்பதுதான் இரட்டை ஆட்சி. பிரிட்டிஷார் போட்ட 1919 இந்திய அரசுச் சட்டப்படி வந்தது. 1920 இறுதியில் நீதிக்கட்சியின் சுப்பராயலு ரெட்டியார் சென்னையின் முதல் முதலமைச்சரானார். காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது.

கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம் அமைச்சர்களுக்கு. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் ஆளுநருக்கும் அவரது நிர்வாகக் குழுவுக்கும். மருமகளிடம் அடுப்படியை விட்டுவிட்டு, கொத்துச்சாவியை மாமியார் இடுப்பிலேயே செருகிக்கொண்ட கதை. விவசாய அமைச்சர் உண்டு, வாய்க்கால் தண்ணீர் அவர் கையில் இல்லை! பள்ளிக்கூடம் கட்ட நினைத்தாலும் பணத்துக்கு நிதித்துறையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

காரணம் எளிது: முதல் உலகப்போருக்குப் பின் இந்தியர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும், ஆனால் வரியையும் லத்தியையும் விட்டுக்கொடுக்கப் பிரிட்டிஷாருக்கு மனமில்லை. ஆளுநர் கையில் வைத்துக்கொண்ட, ‘ஒதுக்கப்பட்ட’ துறைக்கான பணத்தைச் சட்டமன்றம் வெட்டினாலும் ஆளுநர் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். சொத்தோ வரியோ உள்ளவர்களுக்கே ஓட்டு. 1937இல் மாகாண சுயாட்சி, அதாவது மாகாணத் துறைகள் எல்லாமே அமைச்சர்கள் கைக்குப் போகும் முறை, வந்ததும் இந்த ஏற்பாடு முடிந்தது.

வங்காளத்தில் 1765இல் கிளைவ் கொண்டுவந்ததற்கும் இதே பெயர்தான். ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனியும் நவாபும் பங்கு போட்டது, அதில் தேர்தலே கிடையாது.